ஏழாம் தேதி சம்பளம், ஐந்தாம் தேதி இ.எம்.ஐ.

இந்தத் தடவை வந்த கேள்விகள் எல்லாமே இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கத்திலிருந்து. பெயரைப் போட வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும். மாமனார் படித்துவிடுவாராம்.

*மாத்தூர், டிரெய்னி:* கம்பெனி பஸ் நிற்கிற இடத்திலேயே குடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆதாரும் மூன்று மாத பே-ஸ்லிப்பும் கொடுத்தால் அரை மணி நேரத்தில் பைக். வட்டி 12 சதவீதம்தானாம். வாங்கலாமா?

எத்தனை சதவீதம் என்று கேட்டீர்கள். ஃபிளாட்டா, குறைகிற பாக்கிக்கா என்றும் கேட்டிருக்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாய், மூன்று ஆண்டு, ஃபிளாட் 12 என்றால் வட்டி 36,000. மாதத் தவணை 3,778. மாதாமாதம் அசல் கரைந்துகொண்டே வருகிறது, ஆனால் கடைசி மாதம்கூட முழு லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள். சரியாகக் கணக்குப் பார்த்தால் அது 21 சதவீதத்தைத் தாண்டும். கட்டணங்கள் உட்பட மொத்தச் செலவையும் ஒரே ஆண்டு வட்டியாகக் காட்டும் தாளை, கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. குடைக்காரரிடம் அந்தத் தாளைக் கேளுங்கள். அவர் குடையை மடக்கினால் பதில் கிடைத்துவிட்டது.

இன்னொன்று. புது பைக்குக்கு ஐந்து வருட இன்சூரன்ஸ் உண்டு என்பார்கள். அந்த ஐந்து வருடம் நீங்கள் போய் இடிக்கிற ஆளுக்கு. உங்கள் வண்டி நசுங்கினாலோ திருடு போனாலோ கிடைக்கிற பாதுகாப்பு பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்துவிடும். இரண்டாம் வருடம் சுங்குவார்சத்திரத்தில் வண்டி காணாமல் போனால், வண்டி இருக்காது, தவணை இருக்கும். வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கு லைசென்ஸ் அவசியம். எல்.எல்.ஆரோடு நிற்காதீர்கள்.

*தண்டலம்:* நான் நிரந்தரத் தொழிலாளி. சம்பளம் கையில் 52,000. வங்கி 30 லட்சம் வீட்டுக்கடன் தரத் தயார். 'இவ்வளவு தருகிறார்கள் என்றால் நம்மால் கட்ட முடியும் என்றுதானே அர்த்தம்' என்கிறாள் மனைவி. சரியா?

உங்கள் மனைவி வங்கியை அதிகமாக நம்புகிறார். எவ்வளவு தரலாம் என்பது வங்கி தன் பணம் திரும்பி வருமா என்று போடுகிற கணக்கு. வீட்டை ஏலம் விட்டாவது வந்துவிடும் என்பதும் அந்தக் கணக்கில் ஒரு வரி.

30 லட்சம், எட்டரை சதவீதம், 20 ஆண்டு. மாதம் 26,035 ரூபாய். முடியும்போது 62 லட்சத்து 48 ஆயிரம் கட்டியிருப்பீர்கள். சம்பளத்தில் பாதி போய்விடும். ஆனால் என் கவலை அந்தப் பாதியில்லை, அந்த 20 ஆண்டுதான்.

நம் பக்கத்துச் சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் ஓடத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் உள்ளே போனார்கள். வேலைக்குப் போனதும் சீட்டு, பைக், தங்கை கல்யாணம், மனை என்று வரிசையாகக் கடன். வரித் தகராறில் மாட்டியதால் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் செல்பேசித் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை ஒதுக்கி வைக்கப்பட்டது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. மொத்தம் எட்டு வருடம். நோக்கியாவை நம்பியிருந்த ஃபாக்ஸ்கானும் சில மாதங்களில் கதவை மூடியது. பிறகு அதே பெயர் ஐபோனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தது. நோக்கியா வளாகத்துக்கு சால்காம்ப் என்ற கம்பெனி வந்தது. ஊருக்கு வேலை திரும்பிவிட்டது. பழைய ஆளுக்குப் பழைய சம்பளத்தில் திரும்பவில்லை. மறைமலை நகர் ஃபோர்டும் 2021 செப்டம்பரில் மூடப்போவதாகச் சொல்லி, அடுத்த ஆண்டு நிறுத்தியது.

எல்லாம் மூடிவிடும் என்று பயமுறுத்தவில்லை. 1998-இல் சான்ட்ரோவை வெளியே விட்ட ஹூண்டாய் அதே இருங்காட்டுக்கோட்டையில் இன்றும் ஓடுகிறது. ஆனால் உங்கள் ஆலை ஹூண்டாய் மாதிரியா, நோக்கியா மாதிரியா என்பது அந்த ஆலையின் மேனேஜருக்கே தெரியாது. வேலை எத்தனை வருடம் உறுதி என்று யாரும் எழுதித் தராத இடத்தில், 20 வருடத்துக்கு நீங்கள் மட்டும் எழுதிக் கொடுக்கிறீர்கள்.

அதனால் வாங்கவே வேண்டாம் என்பதில்லை. கடனை 20 லட்சத்துக்குள் அடக்குங்கள். மாதம் 17,400-க்குள் வரும். ஆறு மாதத் தவணையை எஃப்.டி.யில் போட்டு, அப்படி ஒன்று இருப்பதை மறந்துவிடுங்கள். தீபாவளி போனஸ் வந்ததும் வருடம் ஒரு தவணை கூடுதலாகக் கட்டுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. இந்த ஒரே பழக்கம் 20 வருடக் கடனைப் பதினாறரை வருடமாக்கும். அப்புறம், ஓ.டி. பணத்தை நம்பித் தவணையை முடிவு செய்யாதீர்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது ஓ.டி.தான்.

*அதே தண்டலம் (மனைவி, தனிக் கடிதம்):* வீட்டுக்கடன் வாங்கினால் வரி மிச்சமாகுமே?

கையில் 52,000 வாங்குகிறவருக்கு, புதிய வரி முறையில் வரியே இல்லை. 2025 ஏப்ரல் முதல் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை இல்லை. கட்டாத வரியை எப்படி அம்மா மிச்சம் பிடிப்பது?

*வாலாஜாபாத்:* பரந்தூர் ஏர்போர்ட்டுக்குப் பத்து நிமிடம், கம்பெனிக்கு இருபது நிமிடம் என்று ஒரு மனை. சைட் பார்க்க வேன், மதியம் பிரியாணி, அன்றே புக் செய்தால் தங்கக் காசு. போகலாமா?

பிரியாணிக்குப் போகலாம். காசோலைப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு.

அந்தப் பத்து நிமிடம் எந்த வாகனத்தில் என்று பிரசுரத்தில் போட்டிருக்காது. பரந்தூரில் விமான நிலையம் என்ற அறிவிப்பு 2022 ஆகஸ்ட்டில் வந்தது. அன்றிலிருந்து ஏகனாபுரத்து மக்கள் நிலம் தர மாட்டோம் என்று போராடுகிறார்கள். மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் 2025 ஏப்ரலில் கிடைத்தது. கொள்கை அளவுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே எத்தனை வருடம் என்று சொல்லத் துணிகிறவர் புரோக்கர் மட்டும்தான். ஏனென்றால் அவர் கமிஷன் இந்த மாதமே.

விமானம் வரும், வராது என்பதைவிட முக்கியமானது சர்வே எண். கையகப்படுத்த அறிவிப்பான எண்ணில் உங்கள் மனை விழுந்தால், இழப்பீடு அரசு வைத்திருக்கிற மதிப்பை வைத்துத்தான் தொடங்கும், வேனில் வந்த நாள் புரோக்கர் சொன்ன விலையை வைத்தல்ல. மனை எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சர்வே எண், உட்பிரிவு எண் இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் பாருங்கள். எழுதித் தரத் தயங்கினால் தங்கக் காசு அவர்களிடமே இருக்கட்டும்.

*செரப்பணஞ்சேரி:* மனை விலை சல்லிசாக இருக்கிறது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' உண்டு, தலைவர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. போதாதா?

பஞ்சாயத்துத் தலைவர் கல்யாணத்துக்கு மொய் வைக்கலாம். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தர முடியாது. அது டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ.வின் வேலை. தமிழ்நாடு முழுக்க இப்படித் தலைவர் கையெழுத்தில் வயல்களை வெட்டி விற்றுத் தீர்த்த பிறகு, 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. பெண் கல்யாணத்துக்கு விற்றுக்கொள்ளலாம் என்று வாங்கிப் போட்டவர்கள் விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் பத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கு மட்டும், கட்டணம் கட்டி. இன்று ஒருவர் புதிதாகக் கல் நட்டு அதே கையெழுத்தைக் காட்டினால், அந்தச் சல்லிசு விலைகூட அதிகம்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளுக்கு ரெரா பதிவு எண்ணும் வேண்டும். எண்ணைப் பிரசுரத்தில் பார்த்தால் போதாது. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அதே எண்ணைப் போட்டு அதே மனைப்பிரிவுதான் வருகிறதா என்று பாருங்கள். வேறு ஊர் மனைப்பிரிவின் எண்ணைப் போட்டுவிட்டு அச்சுப்பிழை என்பார்கள்.

தாய்ப்பத்திரம், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம். இந்த நான்கையும் வக்கீலிடம் காட்டுவதற்கு ஆகிற சில ஆயிரம் ரூபாயைத்தான் நம் ஆட்கள் மிச்சம் பிடிப்பார்கள். வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றால் வில்லங்கமே இல்லை என்று எண்ணாதீர்கள். பதிவானதுதான் அதில் வரும். பதிவாகாத அண்ணன் தம்பி பங்கு வராது. நிலத்துக்கு நேரில் போய்ப் பக்கத்து வயல்காரரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். அவர் வாயில் வருகிற வில்லங்கம் எந்தச் சான்றிலும் வராது. பவர் ஏஜெண்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை அவரிடமே கேட்டுவிடுங்கள். அவர் இறந்த அன்றே பவரும் இறந்துவிடும்.

*மணிமங்கலம்:* பஞ்சமி நிலம் என்று தெரியாமல் வாங்கிவிட்டால்?

தெரியாது என்பது இதில் செல்லாது. இது நம் மண்ணில் பிறந்த சட்டம். செங்கல்பட்டு கலெக்டராகப் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர், பட்டியல் சாதி மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகு 1892-இல் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அவர்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. ஸ்ரீபெரும்புதூரும் அந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான். பத்து கை மாறிப் பத்துப் பத்திரம் இருந்தாலும் நிபந்தனை நிலத்தோடு வரும். பழைய வருவாய்ப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் எனக்குப் பாவம் பார்க்கத் தோன்றுவது வாங்கி ஏமாந்தவரைவிட, நிலத்தை முதலில் இழந்த குடும்பத்தை.

*சுங்குவார்சத்திரம்:* அப்பா விட்டுப்போன காலி மனை இருக்கிறது. 20 லட்சம் கடன் வாங்கி எட்டு ரூம் கட்டி, கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டால் ரூம் 3,500 கிடைக்கும். 10 சதவீத வட்டி, 15 வருடம். லாபம்தானே?

எட்டு ரூமும் நிறைந்தால் மாதம் 28,000. தவணை சுமார் 21,500. காகிதத்தில் 6,500 மிச்சம். இப்போது வருடத்தில் இரண்டு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வையுங்கள். ஆண்டு வாடகை 2 லட்சத்து 80 ஆயிரம், தவணை 2 லட்சத்து 58 ஆயிரம். மீதி 22,000-இல் சொத்து வரி, வெள்ளையடிப்பு, தீய்ந்துபோன மோட்டார், கோடையில் தண்ணீர் லாரி. கையில் நிற்பது மோட்டார் ரிப்பேர்க்காரரின் நட்பு மட்டும்.

காலியாகக் கிடக்குமா என்று கேட்பீர்கள். வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்ட்டில் திறந்தது. 18,720 பேர் தங்கலாம். இதே மாதிரி இன்னும் வந்தால் உங்கள் ரூமுக்கு யார் வருவார்கள் என்று யோசிக்க வேண்டும். 2024-இல் சாம்சங் வேலைநிறுத்தம் ஐந்து வாரம் நீடித்தது. அந்த மாதம் சம்பளம் வராத பையனிடம் வாடகை எப்படிக் கேட்பீர்கள்?

நிலம் சும்மா இருக்கிறது, அதுதான் உங்கள் பலம். நான்கு ரூம் கட்டுங்கள், கடனைப் பாதியாக்குங்கள், மூன்று கம்பெனி ஆட்களைக் கலந்து வையுங்கள். ஒரே கம்பெனி காண்ட்ராக்டர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். அவர் காலி செய்யும்போதும் மொத்தமாகத்தான் செய்வார்.

*பிள்ளைப்பாக்கம்:* சம்பளம் 21,000-ஐத் தாண்டிவிட்டது. ஈ.எஸ்.ஐ. போய்விடும் என்கிறார்கள். சந்தோஷப்படுவதா, அழுவதா?

இனிப்பு வாங்குங்கள், பாதியை வைத்துவிடுங்கள். ஓ.டி. பணம் இந்த 21,000 கணக்கில் சேராது. அதைச் சேர்த்துத் தாண்டியிருந்தால் கவலை வேண்டாம். உண்மையிலேயே தாண்டியிருந்தாலும் அந்த அரையாண்டு முடியும் வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் கடைசி வரை, ஈ.எஸ்.ஐ. தொடரும். சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடித்துக்கொண்டு மனைவி, பிள்ளை, உங்களை நம்பியிருக்கிற அம்மா அப்பா வரை வைத்தியம் பார்த்த ஏற்பாடு அது. ஆஸ்பத்திரி வரிசையைத் திட்டியவர்களெல்லாம் அது போன பிறகுதான் பில்லைப் பார்ப்பார்கள்.

அந்த அரையாண்டுக்குள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்கிற அன்று அதையும் திருப்பிக் கொடுக்கிறீர்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை போகும், அதனால் வேலை இருக்கும்போதே அந்தக் கடிகாரத்தை ஓட விட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இருக்கிற நோயை மறைக்காமல் எழுதுங்கள். ஏஜெண்ட் 'அதையெல்லாம் எழுத வேண்டாம் சார்' என்றால் பேனாவை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

*படப்பை:* பெரியப்பா பையன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வருடம் 50,000 கட்டினால் 20 வருடத்தில் முதிர்வுத் தொகை என்கிறான். மறுக்க முடியவில்லை.

'நான் நாளைக்கே போய்விட்டால் வீட்டுக்கு எவ்வளவு வரும்?' என்று கேளுங்கள். பெரும்பாலும் ஐந்தாறு லட்சம் முதல் பத்து லட்சத்துக்குள் ஒரு தொகையைச் சொல்வான். அது உங்கள் இரண்டு வருடச் சம்பளம். முதிர்வுத் தொகை எதுவும் வராத டெர்ம் பாலிசியில், இதைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் பல மடங்கு கிடைக்கும். 'உயிரோடு இருந்தால் பணம் வீண்தானே' என்பான். உயிரோடு இருப்பதை யாராவது நஷ்டத்தில் எழுதுவார்களா? ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெரியப்பாவுக்குப் பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுங்கள், மலிவாக முடியும்.

*காட்ரம்பாக்கம், காண்ட்ராக்ட் தொழிலாளி:* ஒவ்வொரு காண்ட்ராக்டர் மாறும்போதும் பி.எஃப். பணத்தை எடுத்துவிடுகிறோம். தப்பா?

பணம் உங்களுடையது. ஆனால் ஒவ்வொரு முறை முழுசாகத் துடைத்தெடுக்கும்போதும் பென்ஷனுக்கான சர்வீஸும் கரைகிறது. பென்ஷனுக்குப் பத்து வருடம் வேண்டும். எடுப்பதற்குப் பதிலாகப் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றுங்கள்.

பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு. உங்கள் பையிலிருந்து ஒரு ரூபாய் பிடிப்பதில்லை, முதலாளி கட்டுகிறார். இத்தனை வருடம் லைனில் நின்றும் இது தெரியாதவர்கள்தான் அதிகம். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தால், தாலி கட்டிய அன்றே அந்த நியமனம் செல்லாது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த கையோடு இதையும் ஆன்லைனில் மாற்றியிருக்க வேண்டும். இன்று ஷிப்ட் முடிந்ததும் மாற்றுங்கள்.

*வல்லம் வடகால், விடுதியிலிருந்து ஒரு தங்கை:* அக்கா கல்யாணத்துக்கு 80,000 வேண்டும். அம்மா ஊரில் மகளிர் குழுக் கடன் எடுக்கட்டுமா, என் நகையை அடகு வைக்கட்டுமா, இல்லை ஆப்பில் எடுக்கட்டுமா?

நகை. கழுத்தில் இருக்கும்போது அது வட்டி ஏதும் தருவதில்லை. வங்கியில் வையுங்கள், தெருமுனை அடகுக் கடையில் வேண்டாம். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும், வருடத்துக்கு 24. ஆனால் ஒரு வருடத்தில் மீட்க ஒரு திட்டத்தோடு வையுங்கள், மாதம் கொஞ்சம் அசலும் கட்டுங்கள். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போனால், நகை உங்கள் பெயரில் வங்கியிலேயே வயதாகிவிடும்.

குழுக் கடனில் அம்மா கட்டத் தவறும் வாரம் தெருவே வாசலில் நிற்கும். ஆப் பக்கம் போகவே போகாதீர்கள். போனில் உள்ள நம்பர்களைக் கேட்கிற ஆப் என்றால், அது பின்னால் அவர்களுக்கெல்லாம் போன் போடத்தான். ரிசர்வ் வங்கி அதற்கு அனுமதிப்பதில்லை. பதிவு பெற்ற நிறுவனத்தின் வசூல் ஆள்கூட காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது.

*ஒரகடம்:* டீ பிரேக்கில் சூப்பர்வைசர் ஒரு ஸ்கீம் சொன்னார். லட்சம் போட்டால் மாதம் பத்தாயிரம். அவருக்கு மூன்று மாதமாகச் சரியாக வருகிறதாம்.

முதல் சில மாதம் எல்லோருக்கும் வரும். அதுதான் விளம்பரச் செலவு. ஆருத்ரா கோல்டு என்ற நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொல்லி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடமிருந்து 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது 2022-இல். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. அவருக்கு உங்கள் லட்சம்தான் நான்காவது மாதம்.

*குன்றத்தூர்:* நெருங்கிய நண்பன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறான். 'சும்மா ஃபார்மாலிட்டி' என்கிறான்.

அவன் கட்டவில்லையென்றால் வங்கி நேராக உங்களிடம் வரலாம். அவனை முதலில் தேடிவிட்டு வா என்று சட்டம் சொல்லவில்லை. அந்தத் தொகையை அவனுக்கு இனாமாகவே கொடுக்க மனசு இருந்தால் போடுங்கள்.

*சோமங்கலம்:* மனைவி பெயரில் பதிவு செய்தால் நன்மை உண்டா?

முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். கூடுதல் நன்மை: அவரைக் கேட்காமல் நீங்கள் அதை விற்க முடியாது.

*பென்னலூர், பெயர் 'ஸ்பீடு' என்று போடவும்:* தலைவா, நம்ம இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் வண்டியை ஓட்டி விழுந்தால் இன்சூரன்ஸ் வருமா?

வராது. பந்தயத்துக்கும் வேகப் பரிசோதனைக்கும் சாதாரண வாகனப் பாலிசியில் இடமில்லை. டிராக்குக்குள் போகாமல் பெங்களூரு நெடுஞ்சாலையில் நண்பனோடு பந்தயம் விட்டாலும் இன்சூரன்ஸ் வராது. 108 வரும்.